வெறும் கேரியர்தான்

கல்யாண வீடுகளில் என்னைப் பார்க்கிற உறவுக்காரர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "இத்தனை வருஷமா ஆராய்ச்சி பண்றியே, என்னதான் கண்டுபிடிச்சே?" பாயசம் வருவதற்குள் பதில் சொல்லி முடிக்க வேண்டும். நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நம் செல்களுக்குள் ஒரு மரபணு இருக்கிறது. செல்லில் பழுதாகிப்போன பாகங்களை அடையாளம் காட்டி அப்புறப்படுத்துவது அதன் வேலை. பிறவியிலேயே அது கெட்டுப்போயிருந்தால் மூளையில் சில செல்கள் செத்துப்போய், இளம் வயதிலேயே பார்க்கின்சன் நோய் வரும். அதே மரபணு பிற்பாடு உடம்பில் வேறெங்கோ ஒரு செல்லில் கெட்டுப்போனால், அந்தச் செல் சாகாமல் பெருகிப் புற்றுநோய்க்குத் துணைபோகும். இந்த இடத்துக்கு வரும்போது கேட்டவர் "மோர் இங்க வரலையே" என்று கையைத் தூக்கிவிடுவார்.

பெங்களூரின் வடக்குப் பக்கம் இருக்கிறது எங்கள் ஆய்வகம். நீளமான ஒரே அறை. கதவுப் பக்கம் புற்றுநோயை ஆராய்கிறவர்கள், ஜன்னல் பக்கம் பார்க்கின்சனை ஆராய்கிற நாங்கள். அவர்களுடைய செல்கள் போட்ட இடத்தில் வளரும். சனி ஞாயிறு லீவு விட்டுத் திங்கட்கிழமை வந்து பார்த்தால் வளர்ப்புத் தட்டு கொள்ளாமல் நிரம்பியிருக்கும். நாங்கள் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து செல் எடுத்து, மாதக்கணக்கில் பக்குவம் பார்த்து, மூளைச் செல்லாக மாற்றுவோம். அது பிள்ளைப்பேறு பார்க்கிற மாதிரி வேலை. கடைசியில் ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் செத்துக் கிடக்கும். வாழ வேண்டியது செத்துப்போகிறது, சாக வேண்டியது சாக மாட்டேன் என்கிறது. கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது. வந்தால் தினமும் அவரோடு சண்டை போட வேண்டியிருக்கும்.

என் தட்டுகளில் அதிக காலம் இருந்தவை ஜீவனஹள்ளிக்காரர் ஒருவருடைய செல்கள். அவர் லிங்கராஜபுரத்தில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருந்தவர். இருபத்தெட்டு வயதில் வலது கால் விரல்கள் உள்ளே மடங்கிக்கொள்ள ஆரம்பித்தன. செருப்பு சரியில்லை என்று நினைத்து வேறு செருப்பு வாங்கினாராம். நான் அவரைப் பார்த்தபோது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தார், கடையை மூடியிருந்தார். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் நடப்பார், ஜோக் அடிப்பார், ஆனால் உடம்பு தன்பாட்டுக்கு நெளிந்துகொண்டே இருக்கும். மாத்திரையின் வேகம் இறங்கியதும் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் அவர் நெளிந்துகொண்டு நின்றதைப் பார்த்து யாரோ குடிகாரன் என்று பிடித்துத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். "டீயைத் தவிர வேற எதையும் வாயில வச்சதில்ல டாக்டரம்மா. பேரு மட்டும் குடிகாரன்" என்றார். நான் ஊசி போடத் தெரியாத டாக்டர், மருந்து எழுதித் தர முடியாத டாக்டர் என்று அந்த வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறேன். "அதனால இன்னா டாக்டரம்மா" என்று காபி கொடுப்பார்கள்.

அவருடைய அப்பா கட்டிக்கொண்டது சொந்த அக்காள் மகளை. தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்டுவது நம் பக்கம் ஒரு விஷயமே இல்லை. ஆனால் குடும்ப வரைபடம் போடும்போது ரத்த உறவுக்குள் நடந்த கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு போட வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்த என் வடநாட்டு மாணவன், அம்மாவுக்கு மாமா எப்படி அப்பாவானார் என்று குழம்பிப்போய்த் திரும்பத் திரும்ப அழித்துப் போட்டான். அம்மா, அப்பா இருவரிடமும் ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரே பழுது ஒவ்வொன்று இருந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து இவரிடம் வந்துவிட்டன. இவர் மனைவி கோலார் தங்கவயல் பக்கம், ரத்த சம்பந்தம் கிடையாது. "உங்க வீட்ல எல்லாம் எப்டி டாக்டரம்மா, வெளியிலதான் குடுப்பாங்களா?" என்று அந்த அம்மாள் ஒருநாள் கேட்டார். என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். மூன்று தலைமுறையாக பெங்களூரில் அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம், படிப்புக்குக் குறைச்சலில்லை, அதே இரட்டைக் கோடுதான். எங்களுக்கு ஒன்றும் வராமல்போனது வெறும் அதிர்ஷ்டம். அதைச் சொன்னேன். அந்த அம்மாள் அதிர்ஷ்டத்தை விட்டுவிட்டு, ஒன்றும் வரவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அவர்களுக்கு ஒரே மகள். பி.காம் முடித்துவிட்டு ஃபர்னிச்சர் கடையில் பில்லிங் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவள். மெக்கானிக்கின் அக்கா அடுத்த தெருவில் இருந்தார். அவருடைய மகனுக்குத்தான் இந்தப் பெண் என்று சின்ன வயதிலிருந்தே பேச்சு. நாங்கள் எல்லோரிடமும் ரத்தம் எடுத்திருந்தோம். முடிவு வந்ததும் ஆஸ்பத்திரியில் வைத்து அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே ஆலோசனை சொல்கிற பெண்ணுக்குத் தமிழ் தெரியாததால் என்னை அழைத்தார்கள். தனித்தனியாகத்தான் சொல்வோம் என்றால் அவர்கள் கேட்கவில்லை. "எங்களுக்குள்ள இன்னா ரகசியம்? சும்னே சொல்லுங்க" என்றான் அந்த அத்தை மகன். எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

மகளிடம் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டது, ஒன்று நல்லது. அத்தை மகனிடமும் அப்படியே. இதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வதென்று நான் பல வருஷமாகத் தடுமாறியிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் 'கடத்தி' என்று போட்டிருக்கிறது. நோய்க்கடத்தி என்றால் கொசு. கடத்துபவர் என்றால் போலீஸ் தேடும். கல்யாண வயதில் இருக்கிற ஒரு பெண்ணைப் பார்த்து நீ கடத்தி என்று எந்த வாயால் சொல்வது? கேரியர் என்றே சொல்லிவிட்டு, அவள் அம்மாவைப் பார்த்து விளக்கினேன். "சாப்பாட்டுக் கேரியர் இருக்குல்ல? சோத்தைத் தூக்கிக்கிட்டுப் போகும், ஆனா அது சாப்பிடாது. இதுவும் அப்படித்தான். உங்க பொண்ணுக்கு அநேகமா ஒண்ணும் வராது."

அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அப்ப என் பொண்ணு வெறும் கேரியர்தான்! ஐயோ, நான் இன்னாவோ ஏதோன்னு பயந்தேன்."

மகள் சிரிக்கவில்லை. "என் புள்ளைங்களுக்கு மேடம்?" என்றாள்.

"நீ கட்டிக்கிறவர்கிட்ட இந்தப் பழுது இல்லைன்னா ஒரு குழந்தைக்கும் இந்த நோய் வராது. அவரும் கேரியரா இருந்தா ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு."

அறையில் யாரும் அத்தை மகனைப் பார்க்கவில்லை. அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் வராந்தாவில் அவள் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "மாமா நல்லவர்தான் மேடம். ஆனா அப்பா மாதிரி இன்னொருத்தரை என்னால பாக்க முடியாது. அதுவும் நான் பெத்ததை. வெளியில கட்டிக்கிட்டா சேஃப்தானே?"

"சேஃப்தான்" என்றேன்.

நான் செய்த வேலையில் ஒரு உயிருக்குப் பிரயோஜனம் என்று சொல்லிக்கொள்ள அதுவரை ஒன்றும் இருந்ததில்லை. மருந்தில்லை, தடுப்பு இல்லை. ஆனால் இந்த ஒரு பெண்ணின் பிள்ளைகள் பொத்தான் போடத் தெரிந்தவர்களாகவே கிழவர்களாவார்கள். அன்று ஹெப்பாள் மேம்பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு, பக்கத்து வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்க, நான் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

சில மாதத்தில் ஹொசூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இருவருக்கும் பிடித்துப்போய், பூ வைத்துவிட்டார்கள். அன்று சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சம்பந்தியம்மாளிடம் பெண்ணின் அம்மா, யாரும் கேட்காமலேயே சொல்லியிருக்கிறார்: "வூட்டுக்காரருக்கு இந்த வியாதின்னு உங்களுக்குத் தெரியும். பொண்ணுக்கும் டெஸ்ட் எடுத்துட்டோம். ஒண்ணும் இல்ல, வெறும் கேரியர்தான்." மறைத்துக் கல்யாணம் செய்தால் பாவம் என்று நினைக்கிற மனுஷி. சொன்னதில் பெருமைகூட இருந்திருக்கும்.

ஆனால் கேரியர் என்ற சொல்லை ஹொசூர்க்காரர்கள் கற்றுக்கொண்டது கொரோனா காலத்தில். அறிகுறி இல்லாமல் சுற்றிக்கொண்டு மற்றவர்களுக்குப் பரப்புகிறவர் கேரியர். அதற்காக அவர்கள் தெருவையே தகரம் வைத்து அடைத்திருந்தார்களாம். ஒரு வாரத்தில் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெண்ணின் அம்மா என்னைக் கூப்பிட்டு அழுதார். படித்தவர் சொன்னால் கேட்பார்கள் என்று, அந்த ஞாயிற்றுக்கிழமை என் காரிலேயே இருவரும் ஹொசூர் போனோம்.

மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். ஒட்டாது, பரவாது, இது கிருமியே இல்லை என்று விளக்கினேன். சம்பந்தியம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒட்டாது, சரி. ஆனா அவ உடம்புல இருக்குதானே?"

"ஒரு பிரதியில இருக்கு. ஆனா..."

"அவளுக்கு வரவே வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா மேடம்?"

வராது என்று எழுதிவிடலாம். ஆனால் ஒற்றைப் பிரதி கெட்டவர்களுக்கும் வயதான பிறகு லேசாக ஆபத்து கூடுமா என்பதைப் பற்றி எங்களுக்குள்ளேயே இன்னும் தகராறு தீரவில்லை. அநேகமாக வராது என்றேன். இருபது வருஷப் பழக்கம், அந்த 'அநேகமாக' இல்லாமல் எனக்கு வாக்கியமே வராது. சம்பந்தியம்மாள் தன் மகளைப் பார்த்தார். அந்தப் பெண் செல்போனை என் முன்னால் நீட்டினாள். நாங்கள் கொண்டுபோயிருந்த ரிப்போர்ட்டில் இருந்த மரபணுவின் பெயரைத் தேடியிருக்கிறாள். வரிசையாகப் புற்றுநோய், புற்றுநோய் என்று வந்திருந்தது. நான்காவதாக இருந்தது எங்கள் ஆய்வகத்திலேயே கதவுப் பக்கத்தார் எழுதிய கட்டுரை.

"பார்க்கின்சன்னுதானே சொன்னாங்க? இதுல கேன்சர்னு போட்டிருக்கே. இதையும் சேத்து மறைச்சாங்களா?"

யாரும் எதையும் மறைக்கவில்லை. கட்டிக்குள்ளே அந்த மரபணு கெட்டுப்போவது வேறு, பரம்பரையாக வருவது வேறு என்று ஆரம்பித்தேன். ஆரம்பிக்கும்போதே தெரிந்துவிட்டது, பாயசப் பந்தியில் தோற்ற அதே விளக்கம். கடைசியில் ஆத்திரத்தில், எல்லோர் உடம்பிலும் இப்படிச் சில பழுதுகள் இருக்கத்தான் செய்யும், உங்கள் பையனைச் சோதித்தால் அவனிடமும் ஏதாவது இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அது சத்தியமான உண்மை. சம்பந்தியம்மாள் எழுந்து நின்றுவிட்டார். "எங்க பையனையே நோயாளின்றீங்களா? நீங்க கெளம்புங்க மேடம்." யதார்த்தவாதி வெகுஜன விரோதி என்பார்கள். வாசல்வரை வந்து வழியனுப்பக்கூட ஆளில்லை.

திரும்பும் வழியில் எலெக்ட்ரானிக் சிட்டி வந்தது. பெண்ணின் அம்மா, "நான் வாயை மூடிக்கினு இருந்திருக்கணும்" என்றார். நான் வண்டியைப் பார்த்து ஓட்டினேன். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

பூ வைத்து நின்றுபோன செய்திக்குக் கால் முளைக்கச் சொல்லியா தர வேண்டும்? அதற்கப்புறம் வரன் பேசிய இரண்டு இடமும் சத்தமில்லாமல் விலகிக்கொண்டன. அப்போதுதான் மெக்கானிக்கின் அக்கா வெற்றிலை பாக்குத் தட்டோடு தம்பி வீட்டுப் படியேறினார். பெண்ணே எனக்கு போன் செய்து சொன்னாள். குரலில் ஒன்றும் இல்லை. நான் போட்டது போட்டபடி ஜீவனஹள்ளிக்குக் கிளம்பிவிட்டேன்.

"எல்லாம் தெரிஞ்சும் இப்படிச் செய்யலாமா?" என்று அக்காவிடம் நேராகவே கேட்டேன். எனக்கு அந்த உரிமை இல்லை, கேட்டேன்.

"தெரியும் டாக்டரம்மா. நாலுல ஒண்ணுன்னு சொன்னீங்க. என் புள்ளைகிட்டயும் பேசிட்டேன். நாலு பெத்தாத்தானே அதுல ஒண்ணு? இவங்க ஒண்ணோட நிறுத்திக்குவாங்க."

அவர் யோசித்து, கணக்குப் போட்டு, ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். அப்படி இல்லைம்மா, ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசாகச் சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி, முதல் பிள்ளைக்கே வரலாம், நாலு பெற்றாலும் ஒன்றுக்கும் வராமலும் போகலாம் என்றேன். அதில் பின்பாதியைக் கேட்டு அவர் முகம் தெளிந்தது. "அதான் பாருங்க. அதே வயித்துல பொறந்தோம், என் தம்பிக்கு வந்துச்சு, எனக்கு வரல. எழுதினவனுக்குத்தான் தெரியும்."

நல்ல குணமுள்ள மனுஷி. ஊர் தள்ளிவைத்த பெண்ணைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ள வந்தவர். அவரை எப்படி வில்லியாக்குவது?

மெக்கானிக் அப்போது மாத்திரையின் வேகம் இறங்கின நேரத்தில் இருந்தார். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது, பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன். "வெளியில யாரும் எடுத்துக்கல டாக்டரம்மா. சொந்தம் எடுத்துக்குது."

பெண் என்னோடு தெருமுனை வரை வந்தாள். வரக் கூடாத கேள்வி ஒன்று என் வாயில் வந்துவிட்டது: "உனக்கு நான் சொன்னது புரிஞ்சுதுதானே?"

"நல்லாப் புரிஞ்சுது மேடம்" என்றாள். "புரிஞ்சவங்க யாரும் என்னைக் கட்டிக்க வரலையே."

கல்யாணத்துக்குப் போனேன். அத்தை மகன் அன்று முழுவதும் மாமனாரின் கையைப் பிடித்தபடியே இருந்தான், தாலி கட்டுகிற நேரம் தவிர. அவ்வளவு நல்ல பையன். பழுது வெளியிலிருந்து வந்த ஒரு முரடனிடம் இல்லாமல் இவனிடம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே மொய்க்கவரில் பேர் எழுதினேன்.

அந்த வருஷக் கடைசியில் எங்கள் கட்டுரை வெளியானது. அதில் அந்தக் குடும்பத்துக்கு ஓர் எண்தான் பெயர். மாணவர்கள் கேக் வெட்டினார்கள். மெக்கானிக்கின் செல்களைக் காப்பாற்ற நாங்கள் போட்டுப் பார்த்த மருந்து எதுவும் எடுபடவில்லை என்பதுதான் கட்டுரையின் சாரம். தோற்றதையும் ஒழுங்காக எழுதினால் இந்தத் தொழிலில் கைதட்டுவார்கள். கதவுப் பக்கத்தில் புற்றுநோய்ச் செல்கள் வழக்கம்போல அமோகமாக இருந்தன.

போன மாதம் மத்தியான நேரத்தில், கையுறையோடு வேலையில் இருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. மாணவன் போனை என் காதில் பிடித்துக்கொண்டான்.

"அஞ்சாவது மாசம் மேடம்" என்றாள். "வயித்துல இருக்கறதுக்கு டெஸ்ட் எடுக்க முடியுமான்னு ஆஸ்பத்திரில கேட்டேன். பொறந்து முப்பது வருஷம் நல்லா இருக்கப்போற கொழந்தைக்கு இப்பவே எதுக்கும்மா டெஸ்ட்டுன்னு கேக்கறாங்க. வந்துருக்குன்னு தெரிஞ்சா இன்னா பண்ணப்போறேன்னு கேக்கறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

நல்லாச் சாப்பிடுறியா என்று கேட்டேன். சாப்பிடுவதாகச் சொன்னாள். பின்னால் அவள் அப்பா யாரையோ கூப்பிட முயல்வது கேட்டது.

"வந்தாலும் முப்பது வருஷம் இருக்கு இல்ல மேடம்? அதுக்குள்ள நீங்க மருந்து கண்டுபிடிச்சிடுவீங்கல்ல?"

அன்று காலை வந்து பார்த்தபோது செத்துக் கிடந்த தட்டைத்தான் கையில் வைத்திருந்தேன். கண்டுபிடித்துவிடுவோம் என்று சொல்ல ஒரு வினாடி போதும். "முயற்சி பண்ணிக்கிட்டிருக்கோம்மா" என்றேன்.

அவள் பில்லிங் பார்த்தவள், கணக்குத் தெரிந்தவள். "உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் மேடம் சர்வீஸ் இருக்கு?" என்று கேட்டாள்.

"ஏழு வருஷம்."

"அப்ப பத்தாதே மேடம்" என்றாள். கோபமாக அல்ல, எனக்காக வருத்தப்படுகிற குரலில்.

"பத்தாதும்மா" என்றேன்.